இருபது கிலோ கோணல்

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முத்திரைக்காரர் தன் காரை நடைபாதையின் விளிம்புக் கல்லில் மோதினார். ஒன்பது இருபதுக்கு, இந்த விஷயம் தன் மனைவிக்கு இந்த ஜென்மத்தில் தெரியக் கூடாது என்று முடிவெடுத்தார்.

மோதல் ஒன்றும் பெரிதில்லை. 'தொம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெயிண்ட் உரியவில்லை. விளக்கு உடையவில்லை. அந்த வழியாகப் போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் 'தொம்' அவருடைய அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கேயே குடியிருக்க ஆரம்பித்தது.

எப்படி மோதினார் என்று கேட்டால் அவர் சொல்ல மாட்டார். நான் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் கட்டில், பீரோ விற்கும் பெரிய கடை ஒன்று இருக்கிறது. கடை முழுக்கக் கண்ணாடிச் சுவர். அந்தக் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் போய்க்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். யார் இந்த அழகன் என்று இவர் பார்த்தார். பார்த்து முடிப்பதற்குள் கல் வந்துவிட்டது.

கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ஊரில் எல்லோருக்கும் அவர் முத்திரைக்காரர்தான். பத்து கிராம் குறைந்தால்கூட விடமாட்டார். தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பார், தட்டைத் தட்டிப் பார்ப்பார், கடைக்காரர் முகத்தையும் பார்ப்பார். அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே காய்கறிக் கடைக்காரர்களுக்குக் கை நடுங்கும். அப்படிப்பட்டவருக்குக் கை நடுங்குவது ஒரே ஒரு ஆளைக் கண்டுதான். அந்த ஆளைத்தான் அவர் இருபத்தாறு வருஷத்துக்கு முன் கல்யாணம் செய்திருந்தார்.

அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். ஊரே அவரை டீச்சர் என்று கூப்பிடும். பயந்து போயிருக்கும் நேரங்களில் முத்திரைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருஷமாக டீச்சர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்பு செய்தால் இவர் மிதிப்பார். மிதித்து மிதித்து அந்த வலது கால் மட்டும் யாருக்கும் அடங்காத காலாக ஆகிவிட்டது.

நாலு மாதத்துக்கு முன்னால் முத்திரைக்காரர் இந்தச் சிவப்புக் காரை வாங்கினார். பழைய கார்தான். இரண்டே சீட். தரையோடு தரையாக இருக்கும். உள்ளே இறங்குவதற்கு ஒரு வித்தை, வெளியே ஏறுவதற்கு இரண்டு வித்தை வேண்டும். அதற்கு அவர் சிவப்பி என்று பெயர் வைத்தார். முதல் நாளே டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு அடி, ஒரே ஒரு அடி பட்டாலும் சாவி என் கைக்கு வந்துரணும். சம்மதமா?"

"என்ன நெனச்ச நீ? கண்ணுக்கு இமை மாதிரி பாத்துக்குவேன்."

"உங்க இமையைத்தான் நான் பாத்திருக்கேனே. டிவி பாக்கும்போதே மூடிக்கும்."

அவர் சத்தியம் செய்தார். அன்று சாயங்காலமே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊரைச் சுற்றினார். ஒவ்வொரு திருப்பத்திலும் டீச்சரின் வலது கால் தரையை மிதித்தது. முத்திரைக்காரருக்கு ஒரே சிரிப்பு.

"ஏ டீச்சர், அங்க பிரேக் கிடையாது. காலைச் சும்மா வச்சுக்க."

டீச்சர் பதில் பேசவில்லை. கால் மிதித்த கதையை முத்திரைக்காரர், டீச்சரின் அக்கா வீட்டுக்காரரான தன் சகலைக்கும் போன் போட்டுச் சொன்னார். அலுவலகத்தில் சொன்னார். இரண்டு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவர் பதில் பேசாமல் இருக்கும்போது நமக்குப் பயம் வர வேண்டும். அவருக்கு வரவில்லை.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். கல்லில் மோதிய பிறகு சிவப்பி நேராகப் போக மறுத்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் கார் ஓரத்தைப் பார்த்து ஓடியது. காரை நேராக விட வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. கடிகாரமாக நினைத்தால், பன்னிரண்டு மணியில் இருக்க வேண்டிய ஸ்டீயரிங்கின் உச்சி ஒரு மணியில் நின்றது. அன்று முழுக்க அவர் சோதித்த தராசு முள் எல்லாம் அவர் கண்ணுக்குக் கோணலாகவே தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அதுவும் 'தொம்' என்று கேட்டது.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"வண்டி?"

"வண்டியும் வந்துருச்சு."

"எப்படி ஓடுது?"

"நேரா ஓடுது."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "நேரா ஓடுதான்னு நான் கேக்கலையே."

"நீ கேப்பியோன்னு சொன்னேன்."

"ஓ." டீச்சர் அவரை இரண்டு நிமிஷம் பார்த்தார். அவருக்கு அது இரண்டு மணி நேரமாக இருந்தது. "சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறோம்ல? சிவப்பியில போவோம். நான் ஓட்டறேன்."

முத்திரைக்காரர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

"நீயா? நீ எதுக்கும்மா? வாரம் பூரா ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துக்கொடுக்கற. ஒரு நாளாவது ரெஸ்ட் எடுக்கலாம்ல."

"கத்துக்கொடுக்கறேன். ஓட்டறது அவங்க. நான் பக்கத்துல உக்காந்து மிதிக்கறேன். இருபத்திரண்டு வருஷமா மிதிச்சிட்டேன், ஒரு நாள் ஓட்டிப் பாக்கறேனே."

டீச்சர் உள்ளே போய்விட்டார். முத்திரைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாள். டீச்சர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தொட்டால் போதும், வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி கண்டுபிடித்துவிடுவார். எந்தத் தெருவில், எந்தக் கல்லில், எந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு என்றுகூடச் சொல்லிவிடுவார். சாவி போய்விடும். சகலை வீட்டு வாசலில் பக்கத்து சீட்டிலிருந்து இரண்டு வித்தை போட்டு வெளியே ஏற வேண்டியிருக்கும். சகலை அதைப் போனில் படம் பிடிப்பான்.

செவ்வாய்க்கிழமை, முன் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது டீச்சர் கண்ணில் படக் கூடாதே என்று இரண்டு பழைய போர்வையை எடுத்துச் சக்கரங்களை மூடினார்.

"என்னங்க, சக்கரத்துக்குக் குளிருதா?"

"எலி வருது. டயரைக் கடிக்குது."

"முன் டயரை மட்டும் கடிக்கிற எலியா?"

"விவரமான எலி."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலில் என்ன அர்த்தம் என்று புதன்கிழமை முழுக்க யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு பழக்கடையில் சரியாக இருந்த தராசைத் தவறு என்று எழுதிவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர் பயந்துபோய்க் கடையையே மூடிவிட்டார்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டார். சக்கரக் கோணல் பார்க்கிற கடைகள் ஊரில் நிறைய உண்டு. டீச்சரின் பயிற்சிக் கார்கள் போகிற கடை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் திசையில் அவர் தும்மக்கூட இல்லை. ஊரின் அந்தக் கோடியில் ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் அலைன்மெண்ட் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, அந்த நூலிலிருந்து சக்கரம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து சரிசெய்வதால் அவருக்கு நூல்காரர் என்று பெயர். காலமெல்லாம் நூல் பிடித்துப் பார்த்ததில் ஒரு கண்ணை மூடிக்கொண்டேதான் பேசுவார்.

நூல்காரர் சிவப்பியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எங்க சார் மோதினீங்க?"

"மோதலையே."

"வண்டி மோதியிருக்கே."

"அது வேணா மோதியிருக்கலாம்."

நூல்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். "ஒரு சக்கரம் வீட்டைப் பாக்குது. இன்னொண்ணு ரோட்டைப் பாக்குது. சரி பண்ணிரலாம். உங்க எடை என்ன சார்?"

முத்திரைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் எடை எதுக்கு?"

"மத்த வண்டியெல்லாம் எருமை மாதிரி சார். யார் ஏறி உக்காந்தாலும் அதுக்குக் கவலை இல்ல. இது ரோஷக்காரி. ஓட்டறவர் உக்காந்ததும் ஒரு பக்கம் இறங்கும். இறங்கினா சக்கரத்தோட பார்வை மாறும். அதனால ஓட்டறவர் எடை அளவுக்கு சீட்ல ஆள் இருக்கணும், இல்லேன்னா மணல் மூட்டை இருக்கணும். அப்புறம்தான் நான் நூலே பிடிப்பேன். நீங்க உக்காந்தாலும் சரிதான். ஒன்றரை மணி நேரம் அசையக் கூடாது."

"எனக்கு ஆபீஸ் போகணும்."

"அப்ப மூட்டை. எத்தனை கிலோன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

எழுதிக்கறேன் என்றதும்தான் அவருக்கு உயிரே போயிற்று. ஏனென்றால் அவருடைய எடை இரண்டு. ஒன்று நிஜமானது, அது அவருக்கு மட்டும் தெரியும். இன்னொன்று வீட்டுக்கானது.

டாக்டர் அவரை எழுபத்தெட்டு கிலோவுக்கு இறங்கச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. டீச்சர் அன்றைக்கே ஒரு எடை மெஷின் வாங்கி வந்து குளியலறை வாசலில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரை ஏற்றிப் பார்த்தார். வீட்டில் வேகவைத்ததும் நறுக்கிவைத்ததும்தான் சாப்பாடு. அலுவலகத்துக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது வேறு விஷயம். இரண்டாவது வாரமே முத்திரைக்காரர் அந்த மெஷினைக் கவிழ்த்து, அடியில் இருந்த திருகைக் கொஞ்சம் திருகினார். வாரத்துக்கு அரை கிலோ. ஒரேயடியாக இறக்கினால் சந்தேகம் வரும் என்று நிதானமாக இறக்கினார். நடுவில் ஒரு வாரம் கால் கிலோ ஏற்றிக்கூட வைத்தார், இயற்கையாக இருக்கட்டுமே என்று. இதையே வேறு யாராவது கடையில் செய்திருந்தால் தராசைப் பறிமுதல் செய்து கடைக்கு சீல் வைத்திருப்பார். கடைசியில் மெஷின் எழுபத்தெட்டு காட்டியது. டீச்சர் பாராட்டினார். பேண்ட் மட்டும் ஏன் இறுகுகிறது என்று கேட்டார். துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்றார் இவர்.

"எழுபத்தெட்டு," என்றார் நூல்காரரிடம்.

நூல்காரர் திறந்திருந்த கண்ணால் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு, மூடியிருந்த கண்ணையும் திறந்து பார்த்தார்.

"எழுபத்தெட்டா?"

"வீட்டுத் தராசுல."

"அதுக்கு யார் சார் முத்திரை குத்தினது?"

"நான்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்," என்று மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார் நூல்காரர். "ஓட்டறது நீங்க மட்டும்தானே?"

"நான் மட்டும்தான். வேற யாரும் தொட மாட்டாங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து வண்டியை எடுத்தார். நூல்காரர் தன் எடை போக மீதிக்கு மூட்டைகளை மடியில் வைத்து ஓட்டிப் பார்த்திருந்தார், அம்பு மாதிரி போனதாம். முத்திரைக்காரர் மூட்டைகளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் தன்னை இறக்கிக்கொண்டு கிளம்பினார். நூறு அடி போவதற்குள் சிவப்பி மெல்ல மெல்ல ஓரத்தைப் பார்த்துத் திரும்பியது. அவர் இழுத்துப் பிடித்தார். அது திரும்பவும் போனது. பழைய அளவுக்கு இல்லை. ஆனால் டீச்சர் கைக்கு இது போதும். இதில் பாதி இருந்தாலும் போதும்.

வீட்டு வாசலில் டீச்சர் நின்றிருந்தார். அவருடைய பேண்டைப் பார்த்தார்.

"எங்க போய் மணல்ல உக்காந்தீங்க?"

"மணல் விக்கிற இடத்துல தராசு பாக்கப் போனேன்."

"மணலை லாரில ஏத்தில்ல விப்பாங்க."

"லாரியையே எடை போட்டோம்."

"உங்களையும் சேத்துப் போட்டாங்களா?"

முத்திரைக்காரர் சிரிக்க முயன்றார். உதடு ஒரு பக்கம்தான் போனது. அதற்கும் அலைன்மெண்ட் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர் மறுபடி நூல்காரர் கடையில் இருந்தார். இருபத்து நாலு மணி நேரத்தில் கண் உள்ளே போயிருந்தது. வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னும் இழுக்குதுப்பா. நாளைக்குக் காலைல என் வீட்டம்மா ஓட்டப் போறா. கண்டுபிடிச்சா என் கதை முடிஞ்சது. என்ன செய்வியோ தெரியாது, இன்னைக்கே முடிச்சுக் கொடு."

"மூட்டைக்கு நேரா ஓடுச்சு சார். உங்களுக்குத்தான் ஓட மாட்டேங்குது. அப்ப மூட்டையும் நீங்களும் ஒண்ணு இல்லைன்னு அர்த்தம்." நூல்காரர் நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தட்டையான எடைத் தட்டுகளைத் தள்ளினார். "ஒரு தடவை உள்ள உக்காருங்க."

"அதெல்லாம் எதுக்கு..."

"உக்காருங்க சார். நாளைக்குக் காலைல உங்க கதை முடியப் போகுதுன்னீங்களே."

உட்கார்ந்தார். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார், அதனால் எடை குறையும் என்று யாரோ சொன்ன மாதிரி. சுவரில் இருந்த பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. நூல்காரர் காலி வண்டியின் எடையைக் கழித்தார்.

"தொண்ணூத்தெட்டு."

"தட்டு சரியில்ல."

"முத்திரை இருக்கே சார்."

முத்திரைக்காரர் இரண்டு வித்தையும் போட்டு வெளியே ஏறி, முட்டி போட்டுக் குனிந்து தட்டின் ஓரத்தைப் பார்த்தார். முத்திரை இருந்தது. இந்த வருஷத்து முத்திரை. பக்கத்தில் குத்தியவரின் எண்ணும் இருந்தது. அது அவருடைய எண். போன மாதம் அலுவலகத்தில் ஒரு குவியலோடு வந்ததை அவரே சோதித்துக் குத்தியிருந்தார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு முத்திரைகூடத் தவறாகக் குத்தியதில்லை என்று ஊரெல்லாம் மார்தட்டிய மனுஷன், இதை மட்டும் தவறாகக் குத்தியிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

"சரி, தொண்ணூத்தெட்டுக்கே பிடி. ஆனா எங்கயும் எழுதாத. யார்கிட்டயும் சொல்லாத."

நூல்காரர் தலையைச் சொறிந்தார். "அது வந்து சார்... நேத்தே எனக்குச் சந்தேகம். எடை தப்பா இருந்து வண்டி இழுத்தா என் பேர்தானே கெடும்? அதான் ராத்திரியே டீச்சருக்குப் போன் போட்டு, எழுபத்தெட்டுங்கறாரே, நம்பலாமான்னு கேட்டுட்டேன்."

"எந்த டீச்சர்?"

"ஊர்ல எத்தனை டீச்சர் சார் இருக்காங்க? எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்ததே அவங்கதான். மூணு தடவை ஃபெயிலாகி நாலாவது தடவை. நீங்க திரும்ப வந்தா சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்."

முத்திரைக்காரருக்குக் காது அடைத்தது. அடைத்த காதிலும் வாசலில் ஒரு ஹார்ன் கேட்டது. அந்த ஹார்ன் அவருக்குத் தெரியும். பயிற்சிக் கார் ஒன்று திக்கித் திணறிக் கடைக்குள் வந்து, இரண்டு தடவை குலுங்கி நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பல் டாக்டர். பக்கத்து சீட்டிலிருந்து டீச்சர் இறங்கினார்.

முட்டி போட்டிருந்த முத்திரைக்காரர் அப்படியே இருந்தார்.

"டீச்சர்," என்றார் பல் டாக்டர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "திங்கக்கிழமை நீங்க காட்டினீங்களே, பாருங்க இப்படித்தான் ஓட்டக் கூடாதுன்னு, அந்தச் சிவப்புக் கார் இதுதானே?"

"இதேதான் டாக்டர். கண்ணாடியை மேல ஏத்திக்கங்க, தூசி வரும்."

முத்திரைக்காரர் வாயைத் திறந்தார். பல் டாக்டர் எதிரிலேயே இருந்தும் அந்த வாய்க்கு உதவ ஆள் இல்லை. "நீ... நீ அங்க இருந்தியா?"

"உங்களுக்குப் பின்னாலதான் வந்துட்டிருந்தோம். நீங்க கடைக் கண்ணாடியைப் பாத்தீங்க. வண்டில இருக்கற கண்ணாடியைப் பாத்திருந்தா நாங்க தெரிஞ்சிருப்போம்."

"அப்ப திங்கக்கிழமையே தெரியும். நாலு நாளா என்னை வறுத்து எடுத்திருக்க."

"வறுத்தேன்தான்."

"ஏம்மா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்ல."

டீச்சர் குரலை மட்டும் இறக்கிக்கொண்டார். "போன மாசம் ஒரு நாள் நம்ம வீட்டு மெஷின்ல நான் ஏறினேன். எப்பவும் உங்களைத்தானே ஏத்தறேன், நாமளும் ஏறுவோமேன்னு. முப்பத்தெட்டு காட்டுச்சு. ஐம்பத்தெட்டு கிலோ இருந்த பொம்பளை முப்பத்தெட்டு. உடம்புல என்னவோ வந்து உள்ளேயே அரிச்சுட்டுப் போகுதுன்னு நெனச்சேன். மூணு நாள் தூங்கல. உங்ககிட்ட சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொல்லல. நான் இல்லேன்னா இந்த மனுஷன் உப்பு டப்பாவைக்கூடத் தேடுவாரேன்னு ஒவ்வொரு டப்பாவிலயும் பேர் எழுதி ஒட்டினேன்."

முத்திரைக்காரருக்கு அந்த டப்பாக்கள் ஞாபகம் வந்தன. டீச்சருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று அப்போது நினைத்திருந்தார்.

"நாலாவது நாள் நம்ம டாக்டர்கிட்ட போனேன். அவர் மெஷின்ல ஏத்தினார். ஐம்பத்தெட்டு. எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வந்து நம்ம மெஷினைக் கவிழ்த்துப் பாத்தேன். திருகைச் சுத்தி உங்க கைரேகை ஒண்ணுதான் பாக்கி. அன்னைக்கு முடிவு பண்ணினேன். பயம்னா என்னன்னு மூணு நாள் நான் பாத்தேன். நீங்களும் பாக்கணும்னு. அதுக்கு என்ன வழின்னு யோசிச்சிட்டிருந்தேன். நீங்களே கல்லுல மோதிக் கொடுத்தீங்க."

முத்திரைக்காரர் தலை நிமிரவில்லை. கடைசியில், "உனக்கு மூணு, எனக்கு நாலு. ஒரு நாள் அதிகமாவே போட்டுட்டியே டீச்சர்," என்றார்.

"நான் எப்பவும் எடை கூடத்தான் போடுவேன். கையை நீட்டுங்க."

சாவி கைமாறியது. நூல்காரர் இதையெல்லாம் கேட்காதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு கண்ணையும் மூடியபடி.

"இந்தாப்பா," என்றார் டீச்சர் அவரிடம். "ஓட்டற சீட்ல ஐம்பத்தெட்டு வை. பக்கத்து சீட்ல தொண்ணூத்தெட்டு."

"ரெண்டும் சேந்தா மூட்டை பத்தாது டீச்சர்."

"ஐம்பத்தெட்டுக்கு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப அதை வை. தொண்ணூத்தெட்டுக்கு மூட்டை எதுக்கு? ஆளே இருக்காரே."

அன்று மத்தியானம் ஒன்றரை மணி நேரம் முத்திரைக்காரர் பக்கத்து சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீச்சருக்குப் பதிலாக மணல் மூட்டைகள். வெளியே நூல் கட்டியிருந்தது. மூக்கு அரித்தது. கையைத் தூக்கினார்.

"அசையாதீங்க சார். சக்கரம் உங்களைப் பாக்குது."

"நான் எப்ப ஓட்டறது?" என்று மட்டும் உதட்டை அசைக்காமல் கேட்டார்.

பயிற்சிக் காரில் ஏறப் போன டீச்சர் திரும்பினார். "எழுபத்தெட்டுக்கு வந்ததும். இவர் தட்டுல. உங்க முத்திரை இருக்கே, அதுல."

சனிக்கிழமை காலை டீச்சர் சிவப்பியில் ஏறி உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் முன்னால் ஒரு ஸ்டீயரிங் இருந்தது. கிளப்பினார். கார் நூல் பிடித்தது மாதிரி நடுரோட்டில் நேராக ஓடியது. வேகம் ஏறியது. மரங்கள் பின்னால் பறந்தன. டீச்சர் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டார். கடைக் கண்ணாடி எதையும் பார்க்கவில்லை. முத்திரைக்காரர் இருக்கையின் இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. டீச்சர் வேகத்தைக் குறைக்கவில்லை. லாரி பெரிதாகியது. இன்னும் பெரிதாகியது. லாரியின் பின்னால் எழுதியிருந்ததை அவரால் படிக்க முடிந்தது, பிறகு அந்த எழுத்தில் இருந்த தூசியைப் பார்க்க முடிந்தது. முத்திரைக்காரரின் வலது கால் அவரைக் கேட்காமலே எழும்பித் தரையைத் 'தொம்' என்று மிதித்தது.

டீச்சர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்க பிரேக் கிடையாதுங்க. காலைச் சும்மா வச்சுக்கங்க."